வளவு வீட்டை எல்லா மதத்துக்காரங்களும் வந்து உட்கார்ற இடமா ஆக்கலாமா? யோசனை சொல்லுங்க

வளவுவீட்டுப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கிட்டு படிங்க.

எங்க ஐயாவோட அப்பச்சி (அப்பா) கட்டுன வீடு, காரைக்குடிலேருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள ஒரு ஊர்ல இருக்கு. முன் தெருவுல முகப்பு, பின் தெருவுல கொல்லை வாசல். பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்கு பங்கு. அதுல ஊர்ல இருக்கறது ஒரு பெரியம்மா மட்டும்தான், மத்தவுகள்லாம் சென்னை, கோயம்புத்தூர், மலேசியான்னு இருக்காக. படைப்புக்கு, அதான் முன்னோருக்குப் படைக்கற சடங்குக்கு, கூடுவோம், ரெண்டு நாள் இருப்போம், பூட்டிட்டு கிளம்பிருவோம். மூணு வருஷமா ரெண்டாங்கட்டுல, அதான் வீட்டோட ரெண்டாவது பகுதில, ஓடு சரிஞ்சு தண்ணி இறங்குது. எங்க தெருவுலயே ரெண்டு வீட்ட பிரிச்சு தூணு, நிலை, கதவுன்னு தனித்தனியா வித்துட்டாக, அந்த இடம் இப்ப பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு, அத பாக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்குது.

போன தை மாசம் ஆரோவில் போனேன். அங்க இருக்க மாத்ரிமந்திர்ங்கற தியான மண்டபத்த வெளியிலேருந்து பாத்தப்ப தங்கத் தட்டு பதிச்ச பெரிய பந்து அவ்வளவுதானேன்னு இருந்துச்சு. முன்னாடியே பதிவு பண்ணிருந்ததால உள்ள விட்டாங்க. வெள்ளை சாக்ஸ் குடுத்து போடச் சொல்றாங்க, சாய்வா சுத்தி ஏறிப் போகணும், மேல வெள்ளைப் பளிங்குல வட்டமா ஒரு அறை, 12 தூணு, நடுவுல 70 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கோளம். கூரைல இருக்க கண்ணாடி சூரியன் போற பக்கம் திரும்பி ஒரே ஒரு வெளிச்சக் கோட்ட அந்தக் கோளத்து மேல இறக்குது. சிலை இல்ல, படம் இல்ல, பூ இல்ல, ஊதுபத்தி இல்ல. யாரும் எதும் பேசல. 1971ல அடிக்கல் வச்சு 2008லதான் முடிச்சாங்களாம், 37 வருஷம்.

அங்க உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்க வீட்டு வளவு, அதான் நடு முற்றம். உச்சி வேளைல மேல இருந்து நேரா வெயில் விழும்ல, சுத்தி நாலு பக்கமும் பத்தி, அதான் தாழ்வாரம், நிழலா இருக்கும், நடுவுல மட்டும் ஒரு சதுரம் வெளிச்சம். சின்னப் புள்ளைல அந்தச் சதுரம் நகர்றத வச்சுத்தான் எங்க அப்பத்தா மணி சொல்லும்.

அதான் கேக்குறேன், இந்த வீட்ட பிரிக்காம, ஹோட்டலுக்கும் விடாம, எந்த மதத்துக்காரங்களும் வந்து அமைதியா உட்கார்ந்துட்டுப் போற ஒரு இடமா ஆக்கலாமா? பங்காளிகள்ல நாலு பேர் சரிங்கறாக, ரெண்டு பேர் முடியாதுங்கறாக, மத்தவுக போன் எடுக்கல. எனக்கு உறுத்தறது மூணு விஷயம், படைப்பு அறை, நிலைவாசல்ல இருக்க கஜலட்சுமி, அப்பறம் உள்ள என்ன வைக்கறது.

பள்ளத்தூர்_40:

தம்பி, ஹோட்டலுக்கு விட்டா மராமத்துக்காவது காசு வரும். நீ சொல்றதுக்கு வருமானம் எங்க? எங்க வீட்டுக்கு ஓடு மாத்தவே வருஷா வருஷம் பங்கு பிரிச்சு கட்டறோம். மனசு நல்ல மனசு, கணக்கையும் போட்டுப் பாரு.

தேவகோட்டை ஆச்சி:

அப்பச்சி, நான் அறுபத்தெட்டு வயசுக்காரி, பேரன் டைப் பண்ணிக் குடுக்குறான். மத்தவுக எல்லாரும் கட்டடத்த பத்தி சொல்லுவாக, நான் படைப்ப பத்தி சொல்லிடறேன். பேழைக்குள்ள மடிச்சு வச்சிருக்க சேலையும் வேட்டியும் நம்ம வீட்டுல வாழ்ந்து போனவுகளுக்கு எடுத்து வச்சது. அத அந்த வீட்ட விட்டு நகத்தறதுன்னா பங்காளிக அத்தனை பேரும் கூடி முடிவெடுக்கணும். நகத்தாம அந்த ஒரு அறைய மட்டும் சாத்தி வச்சிட்டு மத்த இடத்த நீ என்ன வேணா பண்ணு, எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. எங்க வீட்டுல நான் புள்ளையா இருந்தப்ப கல்யாணத்துக்கு பர்மாலேருந்து கூட வந்த ஒரு ராவுத்தர் குடும்பம் அந்த வளவுலதான் உட்கார்ந்து சாப்பிட்டுச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. சாமி கும்பிடற இடமும் சாப்பிடற இடமும் நம்ம வீட்டுல ஒரே வளவுலதான இருக்கு.

கஜலட்சுமிய மட்டும் எடுக்காத. எடுக்கணும்னு நெனைக்காத கூட.

கோவைக்காரன்_நூல்மில்:

உங்க இழைய பாத்ததும் எழுதணும்னு தோணுச்சுங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல செட்டிபாளையம்ங்க, சச்சிதானந்த சுவாமிகள் பொறந்த ஊரு, 1914ல பொறந்தாரு, ரிஷிகேஷ்ல சிவானந்தர்கிட்ட சன்னியாசம் வாங்கினவரு. 1969ல அமெரிக்காவுல உட்ஸ்டாக் கச்சேரிய ஆரம்பிச்சு வச்சுப் பேசினது அவருதானுங்க. அவரு வர்ஜீனியாவுல ஜேம்ஸ் ஆத்துப் பக்கம் யோகாவில்ங்கற ஆசிரமத்துல 1986ல லோட்டஸ்னு ஒரு கோயில் திறந்தாரு. கட்டடமே விரிஞ்ச தாமரைங்க. நடுவுல ஒரு ஒளித்தூண் எழும்பி மேல போயி பிரிஞ்சு, சுத்தி இருக்க 12 பீடத்து மேலயும் ஒளியா வந்து இறங்குதுங்க.

அந்தப் 12 பீடம் எதெதுக்குன்னு கேளுங்க. இந்து, யூதம், ஷிண்டோ, தாவோ, பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், சீக்கியம், அமெரிக்கப் பூர்வகுடிக, ஆப்பிரிக்க மதங்க, இது பத்தாச்சுங்களா, பதினொண்ணாவது பீடம் பேர் சொல்லாம விட்டுப்போன மத்த மதங்களுக்கு, பன்னெண்டாவது பீடம் இன்னும் யாருக்கும் தெரியாத மதம் ஒண்ணு வந்தா அதுக்குங்க. இந்தப் பன்னெண்டாவது பீடத்த படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. இனிப் பொறக்கப் போறவனுக்கும் சேத்து ஒரு இலை போட்டு வச்சிருக்காருன்னு தோணுச்சு. செட்டிபாளையத்துலயும் அதே மாதிரி ஒரு லோட்டஸ் கட்டியிருக்காங்க, முடிஞ்சா ஒரு நடை வந்து பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

என் யோசனைங்க, வளவைச் சுத்தி பத்தி இருக்குதுல்ல, அதுலயே பீடம் பீடமா வைக்கலாம்.

புதுவயல் ரஹ்மான்வீடு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஒரு முஸ்லிமா, உங்க பக்கத்து ஊர்க்காரனா என் மனசுல இருக்கறத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கோவை அண்ணன் சொன்ன பன்னெண்டாவது பீடம் ரொம்ப நல்ல எண்ணம். ஆனா எங்களுக்குன்னு ஒரு பீடம் வச்சா அது முன்னாடி நான் என்ன பண்றது? பள்ளிவாசல்ல பீடமே கிடையாதுல்ல. மேற்குப் பக்கம் பாக்குற ஒரு சுவரு, சுத்தமான தரை, அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. எல்லாத்துக்கும் ஒவ்வொரு அடையாளத்த வரிசையா வச்சா அது பாக்க வந்தவங்களுக்கு புரியும், கும்பிட வந்தவங்களுக்கு பாதிப் பேருக்கு இடம் இருக்காது. காலியா விடுங்க. காலியா இருந்தா நான் வருவேன், எங்க வாப்பாவையும் கூட்டிக்கிட்டு வருவேன். எதிர்ல உருவம் இருந்தா தொழ முடியாதே தவிர ஒரு தூணோரமா சாஞ்சு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு தடையும் இல்ல. வாசல் நிலைல லட்சுமி இருக்கறது எனக்கு பிரச்சனையே இல்ல, அது உங்க வீட்டு வாசல், நான் தாண்டி உள்ள வர்றேன். நான் சின்னப் புள்ளைலேருந்து எத்தனை செட்டியார் வீட்டு நிலைய தாண்டி சாப்பாட்டுக்கு போயிருக்கேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், வாசல்ல தண்ணி வைங்க. எங்களுக்கு ஒளு செய்ய, அதான் தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவ, ஆகும், மத்தவங்களுக்கு கால் கழுவ ஆகும். எல்லாரும் ஒரே தொட்டில கால் கழுவிட்டு உள்ள வந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

வளவுவீட்டுப்பையன்:

ரஹ்மான் அண்ணே, உங்க பதில நாலு தடவை படிச்சேன். முகப்புல ஒரு கல்தொட்டி ஏற்கனவே கெடக்கு, வெளிலேருந்து வந்தா கால் கழுவத்தான் அந்தக் காலத்துல வச்சது, இப்ப அதுல பழைய செருப்பு கெடக்குது. நாளைக்கே சுத்தம் பண்ணச் சொல்லிடறேன்.

கோவை அண்ணே, பன்னெண்டாவது பீடம் என் மனச விட்டு போகல. பீடம் வைக்காம அந்த எண்ணத்த மட்டும் எடுத்துக்க வழி இருக்கான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

டெல்லி_வாழ்_கானாடுகாத்தான்:

கால்காஜில இருக்க தாமரைக் கோயில் எங்க வீட்டுலேருந்து பக்கம்தான், பல தடவை போயிருக்கேன். பஹாய் சமயத்தோடது, 1986 டிசம்பர்ல திறந்தது, ஃபரிபோர்ஸ் சஹ்பாங்கற ஈரான் கட்டடக் கலைஞர் வரஞ்சது. 27 இதழ், 9 வாசல், சுத்தி 9 குளம். தாமரை தண்ணில மிதக்குற மாதிரி இருக்கும். செருப்ப வெளில விட்டுட்டு வரிசைல நின்னு போகணும், உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒருத்தர் எல்லாரையும் நிறுத்தி பேசக்கூடாதுன்னு சொல்லி அனுப்புவார். உள்ள சிலை, படம், பீடம் எதுவும் கிடையாது, பிரசங்கம் கிடையாது, வாத்தியம் கிடையாது. எந்த மத நூலுலேருந்தும் வாசிக்கலாம், பாடலாம், விளக்கம் மட்டும் சொல்லக்கூடாது.

அந்த விதிதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன். விளக்கம் ஆரம்பிச்சாத்தான சண்டை. குரானும் வாசிக்கலாம் திருவாசகமும் வாசிக்கலாம் பைபிளும் வாசிக்கலாம், வாசிச்சு முடிச்சா உட்கார்ந்துடணும். உங்க வீட்டுக்கு நான் இந்த ஒரு விதிய சிபாரிசு பண்றேன், கூடவே கூட்டத்துக்கு ஒரு அளவு வைங்க, ஞாயித்துக்கிழமை அங்க போனா தள்ளுமுள்ளுல அமைதி எங்கன்னு தேடணும்.

சன்மார்க்க அன்பர்:

ஆரோவில், வர்ஜீனியா, டெல்லின்னு போறீங்க, வடலூர யாரும் சொல்லலையே. வள்ளலார் சத்திய ஞான சபைய எண்கோணமா கட்டி 1872ல தைப்பூசத்தன்னைக்கு திறந்தாரு.  உள்ள சிலை இல்ல, ஜோதி மட்டும், அத மறைச்சு ஏழு நெறத்துல ஏழு திரை, தைப்பூசத்தன்னைக்கு ஏழையும் விலக்குவாங்க. சாதி சமயம் மதம் எதும் பாக்காம எல்லாருக்கும் பொதுன்னு நூத்தம்பது வருஷம் முன்னாடியே தமிழ்ல தமிழ்நாட்டுல பண்ணிக் காட்டியாச்சு.

சிவகங்கை_சீமை:

ஐயா, மரியாதையோட ஒண்ணு கேக்குறேன். அந்த சபை வாசல்லயே 'கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே புகுதல் வேண்டும்'னு எழுதியிருக்குல்ல. அப்ப கறி சாப்பிடற என்ன மாதிரி ஆளுக வெளிலதான நிக்கணும்? நான் தைப்பூசத்துக்கு போயி அத படிச்சிட்டு கால் தயங்கி நின்னவன், அதனால கேக்குறேன். எல்லாருக்கும் பொதுங்கற இடத்துல ஒரு நிபந்தனைய எழுதிட்டா அது யாரையோ தள்ளி வைக்கத்தான செய்யும்? இவரு வீட்டுல என்ன எழுதப் போறாரு வாசல்ல?

சன்மார்க்க அன்பர்:

நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நான் அத தள்ளி வைக்கறதா பாக்கல, உயிர் மேல இரக்கம் இல்லாம ஜோதிய பாத்து என்ன பிரயோசனம்ங்கறது அவரோட கொள்கை, அதுல அவரு விட்டுக்குடுக்கல. ஆனா இன்னொண்ணையும் பாருங்க, ஞான சபைய கட்டறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1867லயே தருமச்சாலைய ஆரம்பிச்சுட்டாரு. அன்னைக்கு மூட்டுன அடுப்பு இன்னும் அணையல. சோத்துக்கு வர்றவங்ககிட்ட எந்த சாதி, எந்த மதம், என்ன சாப்பிடுவன்னு யாரும் கேக்கறதில்ல. சபைக்கு நிபந்தனை உண்டு, பந்திக்கு கிடையாது. அந்த வரிசைய கவனிங்க, மொதல்ல சோறு, அப்பறம்தான் ஜோதி.

தேவகோட்டை ஆச்சி:

இந்தப் புள்ள சொன்னது சரி. செட்டிநாட்டு வீட்டுல பந்திக்கட்டு எதுக்கு அம்புட்டு நீளமா கெடக்கு? மாசத்துக்கு ஒரு நாள் சோறு போடு அப்பச்சி. நானும் வர்றேன், அரிசி என் பொறுப்பு.

கொத்தனார்_மகன்_ஆத்தங்குடி:

மத விஷயம் பெரியவங்க பேசுங்க, நான் வீட்ட பத்தி சொல்றேன், ஏன்னா எங்க தாத்தாலேருந்து மூணு தலைமுறையா சுண்ணாம்பு வேலை, ஆத்தங்குடிக் கல்லு வேலைதான் பாக்குறோம், இந்த மாதிரி வீட்ட நல்ல எண்ணத்தோட கெடுத்தவங்கள நெறைய பாத்துருக்கேன்.

ஒண்ணு, சுவருக்கு பெயின்ட் அடிக்காதீங்க. பொது இடமா ஆக்குறோம் பளிச்சுனு இருக்கணும்னு எங்கயோ ஒரு வீட்டுல பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சாங்க, ரெண்டே மழைல சுவரு மூச்சு விட முடியாம பொரிஞ்சு உதிந்துருச்சு. அந்தச் சுவரு பல பூச்சு பூசுனது, சுண்ணாம்ப நாள்கணக்குல ஊற வச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி சேத்து, கடைசிப் பூச்சுக்கு நைசா அரைச்ச சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேத்து, மழமழன்னு கல்ல வச்சு தேய்ச்சு தேய்ச்சு ஏத்துனது. உள்ளங்கைய வச்சுப் பாருங்க, சித்திரை மாசத்து மத்தியானத்துலயும் சில்லுனு இருக்கும். நீங்க மாத்ரிமந்திர் பளிங்கு சொன்னீங்கல்ல, அந்தக் குளிர்ச்சி உங்க சுவத்துலயே இருக்கு.

ரெண்டு, தரைல கார்ப்பெட் விரிக்காதீங்க. ஆத்தங்குடிக் கல்லு சுட்ட கல்லு இல்ல, கண்ணாடி மேல கலர ஊத்தி, அது மேல சிமென்ட் மணல் போட்டு அமுக்கி, தண்ணில ஊற வச்சு காய வச்சது. கண்ணாடிலேருந்து எடுக்கும்போது வர்ற மினுமினுப்புதான் அதோட அழகு, கால் பட பட ஏறும். மூடி வச்சா அந்த மினுமினுப்பு ஏறாது. வெறுங்கால்ல ஆளுக நடக்கணும் அதுல, நீங்க பண்ணப் போற காரியம் அந்தக் கல்லுக்கும் நல்லது.

மூணு, கஜலட்சுமிய எடுக்கறதா வேணாமான்னு பேச்சே வேணாம். உங்க நிலை பர்மா தேக்குதான? தனியா செதுக்கி ஒட்டுனதுன்னு நெனைச்சு உளி வச்சீங்கன்னா நிலை பொளந்துரும், நிலை போனா மேல இருக்க சுமை இறங்கும்.

இடைக்காட்டூர்_மரியாள்:

எங்க ஊர் திரு இருதய ஆலயத்த பத்தி ஒரு வார்த்தை. மானாமதுரை பக்கத்து கிராமம்தான், 1894ல ஒரு பிரெஞ்சு சாமியார் பிரான்ஸ்ல இருக்க ரீம்ஸ் பேராலயத்த மாதிரியா வச்சு கட்டுனது, அச்சுல வார்த்த செங்கல்லயும் சுடுமண் வேலையிலயுமே அம்புட்டு நுணுக்கமும் கொண்டு வந்துருப்பாங்க. அது கத்தோலிக்கக் கோயில்தான், ஆனா வெள்ளிக்கிழமை வந்து பாருங்க, மெழுகுவர்த்தி ஏத்துறதுல யார் யாருன்னு உங்களால பிரிக்க முடியாது. நெத்தில குங்குமத்தோட வந்து முட்டி போட்டு கும்பிட்டுட்டு போவாங்க. எங்க அம்மா புள்ளையார்பட்டிக்கு போனா கொழுக்கட்டை வாங்காம வராது.

அதனால புதுசா என்னத்தையோ கண்டுபிடிக்கப் போறோம்னு யோசிக்காதீங்க. நம்ம சனங்களுக்கு வாசல் திறந்திருந்தா போதும், தானா உள்ள வந்துரும். ஒரு சின்ன வேண்டுகோள், மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏத்த வெளில ஒரு திண்ணை ஒதுக்குங்க. வெறுங்கையோட உட்கார எல்லாருக்கும் வராது, எங்க அம்மாவுக்கு ஒரு திரி கொளுத்தினாத்தான் கும்பிட்ட மாதிரி இருக்கும்.

குன்றக்குடி வாத்தியார்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். காரைக்குடிலேருந்து கூப்பிடு தூரத்துல குன்றக்குடி இருக்கு, அந்த ஆதீனத்தோட தலைவரா இருந்த குன்றக்குடி அடிகளார நேர்ல கேட்டு வளந்த தலைமுறை நாங்க. 1982ல குமரி மாவட்டம் மண்டைக்காட்டுல இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தப்ப ஒரு சைவ ஆதீனத்தோட தலைவரான அவரு, காவி உடையோட அந்தக் கடலோரக் கிராமங்களுக்குப் போயி ரெண்டு பக்கத்து சனங்களையும் பாத்துப் பேசினாரு. திருவருட்பேரவைன்னு வச்சு மூணு மதத்துக்காரங்களையும் ஒரே மேடைல உட்கார வச்சாரு. அவருக்கு தாமரைக் கட்டடமும் தங்கக் கோளமும் தேவைப்படல, ஆள் நடந்து போனாரு.

கட்டடம் வேணாம்னு நான் சொல்ல வரல. சாதாரண இடத்துல நாம உட்கார்ற விதம் பழகிப் போனது, ஆம்பளைக்கு ஒரு பக்கம், பெரிய மனுஷனுக்கு ஒரு நாக்காலி, சாதிக்கு ஒரு மூலை. வட்டமாவோ எண்கோணமாவோ கட்டிட்டா அந்தப் பழக்கத்துக்கு எடம் இல்லாம போகுது, எங்க உட்கார்றதுன்னு தெரியாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துடறாங்க. அதுக்குத்தான் இவங்கல்லாம் விசித்திரமா கட்டுனாங்கன்னு எனக்குப் படுது. உங்க வளவு சதுரம், அதுக்குன்னு பழைய வரிசை ஒண்ணு இருக்கு தம்பி. முகப்போட நின்னுட்டுப் போனவங்க யாரு, ரெண்டாங்கட்டத் தாண்டி வராதவங்க யாரு, கொல்லை வாசல் வழியா மட்டும் வந்தவங்க யாருன்னு அந்த வீட்டுக்கு நல்லா தெரியும். மதம் பாக்காம விடறது சுலபம். கொல்லை வாசல் வழியா வந்தவங்களோட பேரப் புள்ளைக முகப்பு வழியா வந்து வளவு நடுவுல உட்காருமா? அத உறுதி பண்ணிட்டு ஆரம்பிங்க.

வளவுவீட்டுப்பையன்:

வாத்தியார் ஐயா, இதுக்கு ரெண்டு நாளா என்னால பதில் எழுத முடியல. எங்க அப்பத்தா காலத்துல கொல்லை வாசல்ல நின்னவங்கள எனக்கே ஞாபகம் இருக்கு. மதத்த பத்தி மட்டும்தான் நெனைச்சிருந்தேன், இத நான் நெனைக்கவே இல்ல. மன்னிச்சுக்கங்க.

பள்ளத்தூர்_40:

நான் மொதல்ல கணக்க கேட்டேன், இப்பவும் கேக்குறேன், ஆனா எங்க வீட்டுல கழட்டி வச்ச நாட்டு ஓடு ஆயிரத்துக்கு மேல கொல்லைல அடுக்கிக் கெடக்கு. உங்க ரெண்டாங்கட்டுக்கு எடுத்துக்கங்க. வண்டி மட்டும் அனுப்புங்க.

வளவுவீட்டுப்பையன்:

இழைய ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு, நடந்தத சொல்லிடறேன்.

படைப்புக்கு பதினொரு புள்ளில ஒம்போது புள்ளி வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். கோவத்துல ஒருத்தர் எந்திரிச்சு போயி காலைல திரும்பி வந்தாரு. முடிவு என்னன்னா, படைப்பு அறை சாத்தியிருக்கும், சாவி பெரியம்மாகிட்ட. வளவும் சுத்தியிருக்க பத்தியும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் திறப்போம், ஒரு வருஷம் பாத்துட்டு மேல பேசுவோம். பீடம் கிடையாது, வளவு நடுவுல ஒண்ணும் வைக்கப் போறதில்ல. வாசிக்கலாம், பாடலாம், விளக்கம் கிடையாது. மரியாள் அக்கா கேட்ட மாதிரி விளக்கு ஏத்த வெளித் திண்ணை. எல்லாரும் முகப்பு வழியா மட்டும்தான் வரணும், கொல்லை வாசல அன்னைக்கு தாப்பாள் போட்டுட்டோம். ரெண்டாங்கட்டுக்கு பள்ளத்தூர் அண்ணன் ஓடுதான் ஏறியிருக்கு, ஆத்தங்குடித் தம்பி கூலி வாங்க மாட்டேன்னுட்டான், சண்டை போட்டுத்தான் குடுத்தோம்.

போன ஞாயித்துக்கிழமை மொத தடவை. நாப்பது பேர் இருக்கும். கல்தொட்டில கால் கழுவிட்டு வந்து தூணோரமா உட்கார்ந்தாங்க. ரஹ்மான் அண்ணன் வாப்பாவோட வந்துருந்தாரு. கொல்லைப் பக்கத்து தெருவுலேருந்து ஒரு அம்மா, எங்க வீட்டுல அந்தக் காலத்துல நெல்லு குத்துனவங்களோட மருமக, நிலைகிட்ட வந்து நின்னுருச்சு. உள்ள கால் எடுத்து வைக்கல. பெரியம்மாதான் எந்திரிச்சு போயி கையப் புடிச்சு கூட்டியாந்து பக்கத்துல உட்கார வச்சுக்கிச்சு.

வாத்தியார் ஐயா நாலு வரி திருக்குறள் வாசிச்சாரு, ஒருத்தர் மத்தேயுலேருந்து வாசிச்சாரு. அப்பறம் யாரும் பேசல, புறாச் சத்தம் மட்டும். பன்னெண்டு மணிக்கு வெயில் நேரா நடுவுல விழுந்துருக்கணும், ஆனா மேகம் மூடிருச்சு. கொஞ்ச நேரத்துல மழை. நாலு பக்க ஓட்டுலேருந்தும் தண்ணி வளவுக்குள்ள கொட்டுது, நடுவுல காலியா விட்ட எடம் பூராவும் தண்ணி. யாரும் எந்திரிச்சு போகல, காலை மட்டும் மடக்கிக்கிட்டு பத்திக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி உட்கார்ந்தாங்க, யாரு பக்கத்துல யாருன்னு யாரும் பாக்கல.

அப்பறம் பந்தி. ஆச்சி அரிசி அனுப்பிட்டாக, அவுகளும் வந்துருந்தாக, அடுத்த மாசத்துக்கும் மூட்டை ஏத்தி அனுப்புறேன்னு சொல்லிட்டு போயிருக்காக.